மணற்குன்று நாட்டில் கன்று ஈனும் காலம்



அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்கு மணற்குன்றுகள் பரந்து கிடக்கின்றன. குன்று முழுக்கப் புல். அந்தப் புல்லின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏர் பூட்டினால் மணல் பறக்கும். அதனால் பெரும்பகுதி இன்றும் மேய்ச்சல் நிலமாகவே இருக்கிறது. மார்ச்சில் தெற்கே பிளாட் ஆற்றில் லட்சக்கணக்கான கொக்குகள் வந்து இறங்கும்போது, இங்குள்ள பல பண்ணைகளில் ஆங்கஸ், ஹெர்ஃபோர்டு பசுக்கள் கன்று ஈனத் தொடங்கியிருக்கும்.

இவை இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகள், பால் கறப்பதில்லை. ஒன்பது மாதத்துக்கு மேல் சினை சுமந்து பசு ஈனும் அந்த ஒரு கன்றுதான் அதன் ஓர் ஆண்டு வருமானம். ஆகவே இந்தச் சில வாரங்கள் பண்ணைக் குடும்பத்தில் யாரும் முழுத்தூக்கம் தூங்குவதில்லை.

அதிகக் கவலை தலைச்சன் கிடேரிகளைப் பற்றித்தான். இரண்டு வயதில் முதல் ஈற்று. இடுப்பு இன்னும் குறுகல். அவற்றைக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விளக்கோடு போய்ப் பார்க்கிறார்கள். கிடேரி கூட்டத்தை விட்டு ஒதுங்கும், வாலைத் தூக்கும், படுக்கும், எழும். பனிக்குடம் தெரிந்த பிறகு முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் வரவேண்டும். குளம்பின் அடிப்பக்கம் வானம் பார்த்திருந்தால் பெரும்பாலும் அவை பின்னங்கால்கள். அப்போது தாமதிக்கக் கூடாது. தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கிவிடும். கன்றின் காலில் சங்கிலியை இரண்டு இடத்தில் சுற்றுவார்கள், இழுவிசை ஒரே எலும்பில் விழாமல் இருக்க. தாய் முக்கும்போது மட்டும் இழுப்பார்கள், அவள் ஓயும்போது தாங்களும் ஓய்வார்கள். நல்ல கைக்காரர்களிடம் நான் மிகவும் மதிப்பது இந்த நிதானத்தைத்தான். பெரும்பாலான பசுக்களுக்கு எந்த உதவியும் தேவைப்படாது, தள்ளி நின்று பார்த்திருந்தாலே போதும். அப்படி நிற்கத் தெரிவதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும்.

பிறந்த கன்று சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். மாட்டின் நஞ்சுக்கொடி, தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்களைக் கருவுக்குக் கடத்துவதில்லை. அவை சீம்பால் வழியாகத்தான் வரவேண்டும், ஒரு நாள் கடந்தால் கன்றின் குடல் அவற்றை உறிஞ்சாது.

அதற்குப் பிறகும் ஒரு பகை உண்டு, கன்றுக் கழிச்சல். முன்பெல்லாம் சீசன் முழுவதும் ஒரே மேய்ச்சலில் ஈனவைத்தார்கள். முதலில் பிறந்த கன்றுகள் கிருமியை லேசாகத் தாங்கிக்கொண்டு நிலமெங்கும் பரப்பும். கடைசியில் பிறப்பவை கிருமி மண்டிய அந்த நிலத்தில் விழுந்து சாகும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு ஒரு வழி வகுத்தார்கள். ஈன்ற பசுவும் கன்றும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இன்னும் ஈனாத பசுக்களை வாரத்துக்கு ஒருமுறை புதிய நிலத்துக்கு ஓட்டிப் போங்கள். இப்படிச் செய்தால் ஒரு நிலத்தில் இருக்கும் கன்றுகளுக்குள் வயது வித்தியாசம் ஏறக்குறைய ஒரு வாரம்தான். கடைக்குட்டிக்கு நாலு வாரம் ஆனதும் எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கலாம். ஊசியும் மருந்தும் செய்ய முடியாததை ஒரு வேலிக்கதவு செய்துகாட்டியது. இந்தத் தொழிலில் கடந்த அரை நூற்றாண்டில் வந்த ஆகச் சிறந்த யோசனை என்று இதைத்தான் சொல்வேன்.

கன்று செத்துவிட்டால்? அதன் தோலை உரித்து, தாயில்லாத இன்னொரு கன்றுக்குச் சட்டைபோல் கட்டிவிடுகிறார்கள். பசு முகர்ந்து பார்க்கிறது, தன் வாசனை, மடியைக் கொடுக்கிறது. சில நாளில் தோலை அவிழ்த்துவிடலாம். நம் ஊரில் வைக்கோல் திணித்த கன்றுத்தோலைக் காட்டிப் பால் கறந்ததுண்டு. அங்கே அதே தோல் உயிருள்ள ஒரு கன்றுக்குத் தாயைத் தேடித் தருகிறது.

2019 மார்ச் நடுவில் பனிப்புயலும் வெள்ளமும் சேர்ந்து நெப்ராஸ்காவைத் தாக்கின. பிறந்து ஈரம் காயாத எத்தனையோ கன்றுகள் மடிந்தன. குளிரில் ஏன் ஈனவைக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே பழையது. விட்மன் ஊருக்கு அருகே பல்கலைக்கழகத்தின் குட்மண்ட்சன் ஆய்வுப் பண்ணையில், ஈற்றைப் பச்சைப்புல் காலத்துக்குத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். பசுவுக்குப் பால் பெருகும் மாதங்களில் புல்லும் செழித்திருக்கும், விலை கொடுத்துப் போடும் உலர்புல் குறையும். ஆனால் இலையுதிர் காலத்தில் விற்கும்போது கன்று எடை குறைவாக இருக்கும். மறுபடி சினைப்படுத்தும் நேரத்தில் புல்லின் சத்தும் இறங்கிவிடும், இளம் பசுக்களுக்கு அது சிரமம். இத்தனையும் தெரிந்தே சொல்கிறேன், எனக்கு மே மாத ஈற்றுதான் சரியென்று படுகிறது. இளம் பசுக்களுக்குக் கொஞ்சம் கூடுதல் தீவனம் வைத்தால் அந்தச் சிரமத்தைப் பெருமளவு சமாளிக்கலாம். மார்ச் பனிப்புயலை யாரும் சமாளிக்க முடியாது.