பொருளும் கல்வியும் கைகோத்தால் நலம் நிலைக்கும்

(சீவலப்பேரியில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



உடல்நலம் அல்லாஹ் அளித்த பேரருள். ஆயினும் மனிதர்களில் பெரும்பாலோர் அதன் மதிப்பை உணராமல் நட்டமடைகின்றனர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்த அருளைப் பேணுவதற்கு எது வேண்டும் என்று கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் ‘பணம்’ என்போம். அது பாதி உண்மை. மறுபாதி எது என்பதை இன்று சிந்திப்போம்.

வறுமை நோயைக் கொண்டுவருகிறது என்பதில் ஐயமில்லை. சத்துள்ள உணவு, தூய குடிநீர், கழிப்பறை, மருந்து ஆகிய யாவற்றுக்கும் பொருள் வேண்டும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, நாட்டின் குடும்பங்களை வசதியைக் கொண்டு ஐந்து பிரிவுகளாகப் பிரித்துப் பார்த்தது. மிக வறிய பிரிவில், ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 46 பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதிருந்தனர். அப்படியானால் செல்வர்களின் பிரிவில் இக்குறை நீங்கியிருக்க வேண்டுமல்லவா? அங்கும் 100க்கு 23 குழந்தைகள் அவ்வாறே இருந்தனர்! பணம் குறையைப் பாதியாக்கியது; ஆனால் முற்றிலும் போக்கவில்லை.

அதே ஆய்வு தாய்மாரின் கல்வியையும் கணக்கிட்டது. பள்ளி செல்லாத தாய்மாரின் குழந்தைகளில் 100க்கு 46 பேரும், பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்த தாய்மாரின் குழந்தைகளில் 26 பேரும் வளர்த்தி குன்றியிருந்தனர். ‘படித்த தாய் வசதியான வீட்டுப் பெண்ணாகத்தானே இருப்பாள்?’ என்று சிலர் கேட்கலாம். ஜான் கால்டுவெல் என்ற ஆய்வாளர் நைஜீரியா நாட்டில் ஆராய்ந்து 1979இல் இதற்கு விடை கூறினார். தந்தையின் தொழிலும் வாழும் இடமும் ஒத்திருந்த குடும்பங்களிலும், தாய் படித்த வீட்டில் குழந்தை இறப்பு குறைவாகவே இருந்தது.

காரணம் என்ன? படித்த தாய் தடுப்பூசி நாளைத் தவறவிடுவதில்லை. வயிற்றுப்போக்கு கண்டவுடன் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்கிறாள். மருந்துப் புட்டியில் உள்ளதைப் படித்தறிகிறாள். மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேள்வி கேட்கிறாள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவமனை இருந்தாலும், குழந்தையை எப்போது அங்குத் தூக்கிச் செல்ல வேண்டும் என்று அறிபவள் தாயன்றோ?

அன்பர்களே! இது நமக்குப் புதிய பாடமன்று. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் ஈட்டுப்பொருள் கொடுக்க இயலாத, எழுத்தறிந்தோர், மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் தீர்மானித்ததாக வரலாறு கூறுகிறது. வறுமையில் இருந்த சமுதாயம் பொற்காசுகளுக்கு ஈடாகக் கல்வியைப் பெற்றுக்கொண்டது! ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற அம்மையார், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்தைக் கற்பித்தவர். ‘நம்லா’ என்னும் தோல்நோய்க்கு ஓதிப்பார்க்கும் முறையையும் அன்னைக்குக் கற்றுத்தருமாறு நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கூறினார்கள். எழுத்தும் நோய் தீர்க்கும் வழியும் ஒரு பெண்ணிடமிருந்து மற்றொரு பெண்ணுக்குச் சென்றன.

நம் தாமிரபரணியைப் பாருங்கள். வெள்ளம் எவ்வளவு வந்தாலும், அணைக்கட்டும் கால்வாயும் இல்லையெனில் அது புன்னைக்காயலில் கடலில்தான் சேரும். செல்வமும் அவ்வாறே. அதைத் தேக்கி வயலுக்குத் திருப்புவது கல்வி. வெளிநாட்டுச் சம்பாத்தியம் வந்த வீடுகளில் எண்ணெயும் இனிப்பும் பெருகின, நடை குறைந்தது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழும ஆய்வு, தமிழகத்தில் வயது வந்தோரில் 100க்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் உண்டு எனக் கூறியது. இது அறிவில்லாப் பொருள் வாங்கித் தந்த நோயன்றோ?

மறுபுறம், கையில் சேமிப்பில்லாத குடும்பத்தை ஒரே ஓர் அறுவைச் சிகிச்சை வட்டிக்காரன் வாசலில் நிறுத்திவிடுகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003இலேயே சட்டம் இயற்றியது. ஆயினும் 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலிலேயே ஒரு குடும்பம் தீக்கிரையான கொடுமையை நாம் மறக்க முடியுமா? மார்க்கம் வட்டியை ஹராமாக்கியதில் உயிரைக் காக்கும் ஞானமும் அடங்கியிருக்கிறது.

1956இல், அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் காமராசர் பள்ளிப்பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சோறும் எழுத்தும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. அந்த வழியைத்தான் நம் வீடுகளிலும் நாம் பின்பற்ற வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? பத்தாம் வகுப்போடு பெண்பிள்ளையின் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, மடியில் பீடித்தட்டைக் கொடுக்கிறோம். அவள் ஈட்டும் கூலி அந்த வாரத்துச் செலவுக்கு உதவுகிறது. புகையிலைத் தூசியோ ஆயுள் முழுவதும் மூச்சில் தங்குகிறது. வறுமையால் செய்கிறோம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதே வீட்டில் திருமணத்திற்குக் கடன் வாங்கிப் பந்தல் போடுகிறோமே! அந்தக் கடனில் ஒரு பகுதி அவளுடைய இரண்டாண்டுப் படிப்புக்குப் போதுமே!

எனவே மூன்று காரியங்களை வேண்டுகிறேன். நம் மஹல்லாவில் எந்தப் பெண்பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன் படிப்பை நிறுத்தலாகாது. கட்டணம் தடையானால் ஜமாஅத் பொறுப்பேற்கட்டும். தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பெறட்டும். விண்ணப்பம் எழுத நம் கல்லூரி மாணவர்கள் உதவட்டும். வலீமா விருந்தில் ஒரு பங்கைக் குறைத்து, மருத்துவச் செலவுக்கு வட்டியில்லா அழகிய கடன் வழங்கும் நிதியொன்றை நாம் உருவாக்குவோம்.

பயனுள்ள கல்வியையும், ஹலாலான பொருளையும், நோயற்ற வாழ்வையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.