நிலம் யாருடையது என்று யார் நிரூபிப்பது?

"பட்டா என் பேரில்தானே இருக்கிறது" என்ற தைரியத்தில் நீதிமன்றப் படியேறுகிறவர்கள் நிறையப் பேர். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

நிலம் தன்னுடையது என்று வழக்குப் போடுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எதிராளியின் பத்திரத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டினால் போதாது. தன் கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப் பத்திரமும் உறுதியாக நிற்க வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் இந்த விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

ஆனால் நிலம் ஒருவர் அனுபவத்தில் இருப்பது உறுதியானால், அவர் உரிமையாளர் அல்ல என்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பத்திரத்தைத் தொலைத்துவிட்டுப் பரம்பரையாக உழுதுவரும் ஏழைக்கு இது பெரிய துணை. ஐயா, அம்மா, அனுபவத்தைக் காட்ட உதவும் பழைய தீர்வை ரசீதையும் அடங்கல் நகலையும் தயவுசெய்து பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்!

பிறர் நிலத்தை அனுபவித்தே உரிமை பெற்றுவிட்டேன் என்பவருக்குச் சுமை இன்னும் அதிகம். உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் அனுபவித்ததை அவரே காட்ட வேண்டும். அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள்.