கரைக்கு அப்பாலிருந்து ஒரு பார்வை



கொற்கை முத்து சங்கப் புலவர் காலத்திலிருந்தே பாடுபொருள். ஆயினும் பாடியவர்கள் பெரும்பாலும் கரையில் நின்றவர்களே. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பேடு, கொற்கையில் முத்தெடுத்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று சொல்லிக் கடந்துவிடுகிறது. கல்லில் கால் பதித்து, மூச்சடக்கி, முத்துப் பாருக்கு இறங்கியவன் அங்கே கண்டது என்ன? அதைக் கேட்டு எழுதியவர் மிகச் சிலர். 1961இல் தூத்துக்குடியின் கடைசிச் சலாபமும் முடிந்தது.

தற்காலக் கலைக்காட்சியில் வீடியோக் கலைஞரை எதிர்கொள்ளும் கவிஞர் முதலில் தயங்குவது இயல்பு. ஓவியச் சட்டம் இல்லை, சிலை இல்லை. இருட்டறையில் ஒரு திரை. பாதியில் நுழைந்து பாதியில் எழுந்து போகலாம். ‘இதில் கலைஞரின் கைவேலை எங்கே?’ என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான்.

அதற்கு ஒரு விடை மும்பையிலிருந்து வந்தது. 2007இல் அங்கே உருவான ‘கேம்ப்’ என்னும் குழுவைச் சேர்ந்த ஷைனா ஆனந்தும் அசோக் சுகுமாரனும், கச்சு வளைகுடாவின் மரக்கல மாலுமிகளோடு சில ஆண்டுகள் பழகினர். குஜராத்திலிருந்து ஷார்ஜா, சோமாலியத் துறைமுகங்கள் வரை சரக்கேற்றிச் செல்பவர்கள் அவர்கள். நடுக்கடலில் தங்கள் கைபேசிகளில் படம் பிடித்து, பிடித்த பாட்டை அதன்மேல் ஏற்றி, ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொண்டிருந்தனர். அந்தத் துணுக்குகளைத் தொகுத்து 2013இல் ‘வளைகுடாவிலிருந்து வளைகுடாவுக்கு’ என்ற பொருள்படும் தலைப்பில் எண்பது நிமிடங்களைத் தாண்டும் படமாக்கினர். புள்ளி புள்ளியாய்ச் சிதறும் காட்சியைத் துடைத்துச் சீராக்கவில்லை. மாலுமி சேர்த்த பாட்டையும் நீக்கவில்லை. கைவேலை அங்கேதான் இருக்கிறது: எதைத் தொடாமல் விடுவது என்ற தேர்வில். எதுகைக்காக ஒரு சொல்லை வளைத்துப் பழகியவர்களுக்கு இந்த அடக்கம் எளிதில் வாய்க்காது.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்கு இது அயல் செய்தியன்று. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி செலுத்திய தண்டல்களின் ஊர் இது. ஜோ டி குரூஸ் அந்த உலகை ‘கொற்கை’ நாவலாக்கினார்; 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆனால் நாவலாசிரியர் ஒருவர் சொல்வது வேறு, தோணியின் அணியத்தில் நிற்பவன் தானே காட்டுவது வேறு.

மறுபுறம் ஒன்றுண்டு. தொகுத்தவர் பெயரோடு படம் நாடு நாடாகச் செல்கிறது. எடுத்தவன் அடுத்த சரக்குக்குக் காத்து நிற்கிறான். இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. கைபேசி பழுதானால் அதிலுள்ள கடலும் போய்விடும் என்பதால், தீரும்வரை காத்திருக்கவும் முடியாது. பழைய துறைமுகம் இந்த மன்றத்திலிருந்து நடக்கும் தொலைவுதான். அங்கே ஒரு தோணிக்காரரிடம் அவர் எடுத்த படங்களைக் காட்டும்படி இதுவரை எத்தனை கவிஞர் கேட்டிருக்கிறார்கள்?