காலைக் காப்பதா, எடுப்பதா?

லாரிச் சக்கரம் ஏறிப் பாதமும் கணுக்காலும் நசுங்கிய ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். "எப்படியாவது காலைக் காப்பாத்திடுங்க டாக்டர்!" எந்த வீட்டாரும் இப்படித்தான் கேட்பார்கள். கேட்கத்தானே வேண்டும்?

காலைக் காப்பதா, எடுப்பதா என்ற கேள்விக்கு விடை தேட, கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். ரத்த ஓட்டம் நிற்காத காலுக்கு அது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் சேதத்தைப் பொறுத்து 1 முதல் 5 வரை. சர்க்கரை நோய், காயத்தில் சாக்கடை அழுக்கு போன்றவற்றுக்குத் தலா 2. கூட்டினால் 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம். 17, அதற்கு மேல் என்றால் எடுப்பதே பெரும்பாலும் நல்லது. நடுவிலுள்ள 15, 16-க்கு அனுபவமுள்ள மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில், காலில் கடுமையாக அடிபட்ட 569 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-ல் வெளியானது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், காலைக் காப்பாற்றியவர்களும் இழந்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். இரு தரப்பிலும் பாதிப்பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். காப்பாற்றிய கால்களுக்கு மறுபடி மறுபடி ஆஸ்பத்திரி வாசம் அதிகம்.

காலை எடுத்துவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்ற பயம் எனக்கு நியாயமாகப் படவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தவர், நல்ல செயற்கைக் காலோடு மாடிப்படி ஏறலாம், வேலைக்குப் போகலாம். ஆகவே மருத்துவரிடம் இதையும் கேளுங்கள்: காப்பாற்றினால் இன்னும் எத்தனை ஆபரேஷன், எத்தனை மாதம், அந்தக் கால் வலியில்லாமல் ஊன்றுமா?