எங்கள் வளவின் உயிர்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



காட்டுயிர்ப் படம் என்றதும் வில்பத்துச் சிறுத்தையும் யால யானையும் நினைவுக்கு வரும். ஜீப்பும் நீண்ட லென்ஸும் வேண்டும் என்றும் எண்ணுகிறோம். வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடும் எங்களில் பலருக்குக் கிடைப்பதோ காலையில் ஒரு பதினைந்து நிமிடம். அதற்கு வளவும் கைத்தொலைபேசியும் போதும்.

கறிவேப்பிலை, தேசி மரங்களின் தளிரைப் பாருங்கள். கடுகளவு முட்டையொன்று இருக்கலாம். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் போலிருக்கும், பிறகு பச்சையாகும், கூட்டுப்புழுவாகி, சில வாரங்களில் கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். தினமும் ஒரு படம் எடுத்தால் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விஞ்ஞான பாடம் இல்லை. செவ்வரத்தையில் தேன்சிட்டு, வேலியில் செண்பகம், முற்றத்தில் கூட்டமாய்ப் புலுனி என்று மற்றவை தாமாகவே வரும்.

சில ஒழுங்குகள் உண்டு. இளவெயிலில் எடுங்கள். குனிந்து, அதன் கண் மட்டத்துக்கு வாருங்கள். கூட்டை நெருங்கவோ இலைகளை விலக்கவோ வேண்டாம். பின்னால் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். பாம்பென்றால் தூரத்திலேயே நில்லுங்கள். எவரையேனும் கடித்துவிட்டால் படத்துக்காக ஒரு நிமிடமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

படத்துடன் திகதி, இடம், பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். திகதியில்லாத நோயாளிக் குறிப்பு வைத்தியர்களாகிய எங்களுக்கு எவ்வளவு உதவுமோ, திகதியில்லாத படமும் அவ்வளவுதான் உதவும். ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து ஒக்டோபர் அளவில் இங்கு வருகிறது. களைத்துப்போய்ச் சிலவேளை வீட்டுக்குள்ளும் விழுந்து கிடக்கும். அதை முதலில் கண்ட நாளை ஆண்டுதோறும் குறித்தால், பத்து ஆண்டுகளில் அதன் வருகை முந்துகிறதா பிந்துகிறதா என்று தெரியவரும். 2002இல் தொடங்கிய ஈபேர்ட் போன்ற தளங்கள் எங்களைப் போன்ற சாதாரணமானவர்களின் பதிவுகளையும் ஏற்கின்றன.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் வளரும் எங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் தோட்டத்து அணிலையும் குருவியையும் ஆங்கிலத்தில் தெரியும். புலுனியும் ஆள்காட்டியும் அம்மம்மாவின் வாயோடு நின்றுவிட்டன. எங்கிருந்தாலும் படமெடுங்கள். ஊருக்கு வரும்போது எடுத்த படங்களை வட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பி, "இதுக்கு என்ன பேர் அம்மா?" என்று கேளுங்கள். பதிலைக் குரல் பதிவாகவே வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

நூறு ஆண்டுகளில் எமது கல்லூரி அதிபர்களின் பெயர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறது. வளவு வேம்பில் எந்தப் பறவைகள் கூடு கட்டின என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. இந்த ஆண்டே அந்தப் பதிவேட்டைத் தொடங்குவோம். மாணவிகள் படமெடுக்கட்டும், நாங்கள் பெயர்களைச் சேர்த்துக் கொடுப்போம். இருநூறாவது ஆண்டில் இந்த மண்டபத்தில் அமரப்போகும் பிள்ளைகளுக்கு அது நாங்கள் வைத்துவிட்டுப் போகும் சொத்தாக இருக்கும்.