ஜப்பானியப் பொருளியலுக்கு ஓர் இருக்கை



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் கம்பரும் திரிகூடராசப்பக் கவிராயரும் பேசப்படுவது இயல்பு. இரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து, தமிழ்ப் பாடல்களைச் சுவைத்துக் காட்டிய மண் இது. இங்கு நின்று ஜப்பானியப் பொருளியலைப் பேசுவது சிலர்க்கு வியப்பாக இருக்கக்கூடும். ஆயினும், திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்கள் பொருட்பாலுக்கு உரியன. அறத்தையும் இன்பத்தையும் போலவே பொருளையும் கற்றுத் தெளிய வேண்டிய ஒன்றாகக் கொண்டது தமிழ் மரபு. ஜப்பானின் பொருளியலையும் வணிகத்தையும் கற்பிப்பதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியப் பதவி, அதாவது ஓர் இருக்கை, இத்தென்பகுதிக்கு ஏன் வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

தமிழ் மேடைகளில் ஜப்பான் புதிய பெயரன்று. ‘ஜப்பானைப் பாருங்கள்’ என்று சொல்லாத பேச்சாளர் அரியர். போராட்டத்தில் இறங்கிய ஜப்பானியத் தொழிலாளர், வேலையை நிறுத்தாமல் ஒரு காலுக்குரிய காலணிகளை மட்டுமே செய்து குவித்தனர் என்னும் கதையைக் கேளாத மாணவரும் அரியர். கேட்போரின் உள்ளத்தில் அக்கதை உழைப்பின் மேன்மையைப் பதிக்கின்றது. அந்த அளவில் அது நன்றே. ஆனால் அது ஜப்பானின் வரலாறு ஆகாது. நிசான் நிறுவனத்தில் 1953ஆம் ஆண்டு பெரும் தொழிற்போராட்டம் மூண்டது. மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் 1960ஆம் ஆண்டு நிகழ்ந்த வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்து நாட்டையே உலுக்கிற்று. இன்று அந்நாட்டின் தொழிலுறவுகளில் காணப்படும் அமைதி பிறவிக் குணத்தால் வந்ததன்று. இத்தகைய மோதல்களுக்குப் பின்னர் ஏற்பட்ட உடன்பாடுகளின் விளைவு என்றே கொள்ள வேண்டும்.

ரொனால்டு டோர் என்னும் ஆங்கிலேய அறிஞர், ஹிட்டாச்சி நிறுவனத்தின் தொழிற்சாலைகளையும் இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலைகளையும் ஒப்பிட்டு 1973ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். வாழ்நாள் முழுவதும் ஒரே நிறுவனத்தில் பணி, பணி ஆண்டுகளுக்கேற்ப உயரும் ஊதியம், நிறுவனந்தோறும் ஒரு தொழிற்சங்கம் ஆகிய ஏற்பாடுகளை அவர் பழங்காலப் பண்பாட்டின் எச்சமாகக் கருதவில்லை. தொழில்மயமாதலில் பிந்தி இறங்கிய நாடு, தன் தேவைக்கேற்பப் பிற்காலத்தில் வகுத்துக்கொண்ட முறைகள் அவை என விளக்கினார். அவர் ஜப்பானிய மொழியைக் கற்றவர். அந்நாட்டுச் சிற்றூர்களில் தங்கி ஆராய்ந்தவர். கதையைக் கேட்டு மகிழ்வதற்கும் செய்தியை ஆராய்ந்து அறிவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னதற்கு மேடை போதும். பின்னதற்கு மொழிப்பயிற்சியும், நூலகமும், பல்லாண்டு உழைப்பும், அவ்வுழைப்பைத் தாங்கும் ஒரு பதவியும் வேண்டும்.

பல்கலைக்கழக இருக்கை ஒன்று ஒரு வட்டாரத்துக்கு என்ன செய்ய இயலும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிக் கங்கைகொண்டானை அடைகின்றது. பின்னர்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கின்றது. அந்தக் கங்கைகொண்டான் பொருளியல் ஆய்வுலகில் நூறாண்டுகளாக அறியப்பட்ட ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கென ஏற்படுத்தப்பட்ட பேராசிரியர் பதவியில் முதலில் அமர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915ஆம் ஆண்டு இங்கு வந்த அவர், நூல்களில் மட்டும் இந்தியாவைக் கற்பிக்க விரும்பவில்லை. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் மாணவர்களிடம் வினாநிரலைக் கொடுத்து, குடும்பங்கள், நிலங்கள், கால்நடைகள், கடன்கள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் செய்தார். அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று கங்கைகொண்டான். ‘தென்னிந்தியச் சிற்றூர்கள் சில’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக 1918ஆம் ஆண்டு அம்முயற்சி வெளிவந்தது.

ஸ்லேட்டர் 1921ஆம் ஆண்டு விடைபெற்றார். ஆனால் அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்து 1940ஆம் ஆண்டு நூல் தந்தனர். 1980களில் வெங்கடேஷ் ஆத்ரேயா கங்கைகொண்டானுக்கு வந்து, ஏறத்தாழ எழுபதாண்டுகளில் நிகழ்ந்த மாற்றங்களைக் கணக்கிட்டார். அமர்ந்தவர் மாறினும் வினா மாறாமல் தொடர்வதே ஓர் இருக்கையின் பெருமை எனலாம்.

அதே கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. அங்கு வயல்வெளி ஊர்திகளுக்கும் கட்டுமான ஊர்திகளுக்கும் உரிய டயர்களைச் செய்யும் ஏ.டி.சி. டயர்ஸ் தொழிற்சாலை இயங்குகின்றது. அதன் தாய் நிறுவனத்தை 2016ஆம் ஆண்டு யோகோஹாமா ரப்பர் என்னும் ஜப்பானிய நிறுவனம் விலைக்கு வாங்கியது. ஸ்லேட்டரின் மாணவர்கள் சிற்றாற்றங்கரையில் நிலக்கணக்கை எழுதிய காலத்தை ஒட்டி, 1917ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட நிறுவனம் அது. நூறாண்டுகளுக்குப் பின் அவ்விரு வரலாறுகளும் ஓரூரில் வந்து சேர்ந்துள்ளன.

1916ஆம் ஆண்டில் கங்கைகொண்டானை அறிய விரும்பியவர் பட்டாவையும் குத்தகையையும் மழையையும் அறிந்தால் போதும். இன்று அவ்வூரை அறிய விரும்புபவர் ஜப்பானிய நிறுவனத்தின் முடிவெடுக்கும் முறையையும் அறிய வேண்டும். ஆலையின் விரிவாக்கம் எங்கே தீர்மானிக்கப்படுகின்றது? நிரந்தரத் தொழிலாளர்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் இடையே ஜப்பானில் நிலவும் வேறுபாடு இங்கும் தொடர்கின்றதா? தாய்நாட்டில் மூலப்பொருள்களை வழங்கும் சிறு நிறுவனங்களோடு பெருநிறுவனங்கள் கொள்ளும் நீண்டகால உறவு நெல்லைச் சீமையின் சிறுதொழில்களுக்கும் வாய்க்குமா? இவ்வினாக்களுக்கு விடைகாண, சிற்றாற்றங்கரையையும் டோக்கியோவையும் ஒருசேரக் கற்றவர் தேவை.

ஜப்பானியர் இதற்கு இணையான பணியைத் தமிழகத்தைப் பொறுத்து முன்னரே செய்துள்ளனர். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென வாதிட்ட சுசுமு ஓனோவை இலக்கிய வட்டங்கள் நன்கறியும். அவருடைய கருத்தை ஏற்போரும் மறுப்போரும் உள்ளனர். அவ்விவாதம் பெற்ற புகழை நொபொரு கராஷிமாவின் உழைப்பு பொதுமக்களிடையே பெறவில்லை. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், சோழர் கல்வெட்டுகளைக் கொண்டு அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் நிலவுடைமையை ஒப்பிட்டார். எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் இணைந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு 1978ஆம் ஆண்டு சொல்லடைவு வெளியிட்டார். ஹருகா யனகிசாவா திருச்சிராப்பள்ளி மாவட்டச் சிற்றூர்களின் நிலப் பதிவேடுகளைப் புரட்டியும், மக்களை நேரில் கேட்டும், நீர்ப்பாசன நிலம் நூறாண்டுகளில் எச்சாதியினரிடமிருந்து எவர் கைக்கு மாறிற்று என்பதை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டு நூலாக்கினார். தமிழகத்தின் நிலவுடைமையைப் பற்றிய அறிவை வளர்த்தவர்களுள் ஜப்பானியர்க்குச் சிறப்பிடம் உண்டு. ஜப்பானின் நிலத்தையும் தொழிலையும் அந்நாட்டுப் பதிவேடுகளைப் படித்து ஆராயும் தமிழர் பலர் உருவாதல் வேண்டும். கொடுத்தலும் கொள்ளலும் இருபுறமும் நிகழ்ந்தாலன்றி அறிவுறவு நிறைவு பெறாது.

இத்தகைய ஆய்வு தமிழரின் சொந்த வரலாற்றையும் விளக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு காட்டலாம். வ.உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவும் பயணிகளை ஏற்றிற்று. 1908ஆம் ஆண்டு வ.உ.சி. சிறைப்பட்டார். 1911ஆம் ஆண்டு நிறுவனம் கலைந்தது. அவர் இழுத்த செக்கைத் தமிழுலகம் மறக்கவில்லை.

இதற்குப் பதின்மூன்றாண்டுகள் முன்னர், 1893ஆம் ஆண்டு, இதையொத்த போர் பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் இடையிலான கடலில் நிகழ்ந்தது. இந்தியப் பருத்தியை ஏற்றிச் செல்லும் கட்டணத்தை பி. அண்டு ஓ. முதலிய ஐரோப்பிய நிறுவனங்கள் தம் கையில் வைத்திருந்தன. ஜம்ஷெட்ஜி டாட்டா ஜப்பான் சென்று ஷிபுசாவா எயிச்சியைச் சந்தித்தார். அதன் பயனாக நிப்பான் யூசென் கைஷா என்னும் ஜப்பானிய நிறுவனம் பம்பாய்க்குக் கப்பல் விட்டது. ஐரோப்பியர் அங்கும் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தனர். ஆயினும் ஜப்பானிய நிறுவனம் வீழவில்லை; 1896ஆம் ஆண்டு எதிரிகளே அதனோடு உடன்பாடு செய்துகொண்டனர்.

காரணம் யாது? ஜப்பானிய நூற்பாலை முதலாளிகளின் சங்கம், வேறு கப்பலில் எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் தம் நாட்டுக் கப்பலிலேயே பருத்தியை ஏற்றுவதென உறுதி செய்துகொண்டது. அரசும் துணை நின்றது. 1896ஆம் ஆண்டு கப்பல் தொழிலுக்கு உதவித்தொகை வழங்கச் சட்டம் இயற்றியதோடு, பருத்தி இறக்குமதி வரியையும் நீக்கிற்று. தூத்துக்குடியிலோ அரசே எதிரியாயிற்று. வீரத்தில் வ.உ.சி. எவர்க்கும் குறைந்தவரல்லர். சரக்கை விட்டுக்கொடாத வணிகர் சங்கமும், தோள்கொடுக்கும் அரசும் அவர்க்கு வாய்க்கவில்லை. இவ்விரு போர்களையும் அருகருகே வைத்துக் கற்கும் மாணவன் வ.உ.சி.யின் தோல்விக்காக வருந்துவதோடு நில்லான். அதன் காரணத்தையும் உணர்வான். அந்த ஷிபுசாவாவின் உருவம் 2024ஆம் ஆண்டு முதல் ஜப்பானின் 10,000 யென் தாளில் இடம்பெற்றுள்ளது. வணிகக் கல்விக்கு அவர் பெருந்துணை புரிந்தார். 1875ஆம் ஆண்டு சிறிய வணிகப் பள்ளியாகத் தோன்றி அவரால் பேணப்பட்டதே இன்றைய ஹிட்டோட்சுபாஷி பல்கலைக்கழகம். கப்பலையும் கல்வியையும் ஒன்றாகவே எண்ணியவர் அவர்.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று. இளைஞர்களின் வாழ்வோடு தொடர்புடையது. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் 2011ஆம் ஆண்டு முதல் இயங்கும் ஸோகோ நிறுவனம் ஜப்பானிலும் வணிகம் செய்கின்றது. திறன்பெற்ற தொழிலாளரை ஜப்பானுக்கு அனுப்புவதற்கான உடன்பாட்டில் இந்திய அரசு 2021ஆம் ஆண்டு சனவரியில் கையெழுத்திட்டது. முதியோர் பராமரிப்பு, வேளாண்மை, கட்டுமானம் முதலிய 14 துறைகள் அன்று அதில் அடங்கியிருந்தன. மொழி கற்பிக்கும் பயிற்சி நிலையங்களை நாடும் இளைஞர் பலர். மொழித் தேர்வில் வென்றவர்க்குப் பணி கிடைக்கலாம். ஆனால் அப்பணியின் மதிப்பை எடைபோடப் பொருளியல் அறிவு வேண்டும். 2012ஆம் ஆண்டு ஒரு டாலருக்கு ஏறத்தாழ 80 யென் கொடுத்தால் போதும்; 2024ஆம் ஆண்டு அது 160 யென்னைத் தாண்டிற்று. யென்னில் ஊதியம் பெற்று, வாங்கிய கடனை ரூபாயில் அடைக்க வேண்டிய செவிலிக்கு இவ்வேறுபாடு ஏட்டுக்கணக்கன்று, வீட்டுக்கணக்கு. முதியோர் பெருகி இளைஞர் குறையும் நாடு அயலாரை ஏன் அழைக்கின்றது, எவ்வளவு காலம் தங்க இசைகின்றது, குடும்பத்தை உடன்கொள்ள எப்பொழுது இடந்தருகின்றது என்பவற்றை முகவர் வாயால் கேட்டறிவதும், கற்றவர் வாயால் கேட்டறிவதும் ஒன்றாகா.

தில்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஜப்பானியக் கல்விக்கு இடமுண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 1963ஆம் ஆண்டே அதற்கென ஒரு மையம் கண்டது. ஆக்ஸ்ஃபோர்டில் 1981ஆம் ஆண்டு அமைந்த ஆய்வகம் நிசான் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. நெல்லையில் மனோன்மணீயம் ஆசிரியரின் பெயரால் 1990ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், குற்றாலம் முதல் குமரி வரை உள்ள கல்லூரிகளுக்குத் தாயகமாக விளங்குகின்றது. இத்தகைய இருக்கை அமைவதற்கு அதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

அமையும் இருக்கைக்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும். முதலாவது, அதில் அமர்பவர் ஜப்பானிய மொழியில் ஆவணங்களைப் படிக்க வல்லவராதல் வேண்டும். மொழிபெயர்ப்புகளை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. இரண்டாவது, நிறுவனங்கள் பொருளுதவி செய்யலாம். ஆனால் ஆய்வின் முடிவு அவர்களுடையதாதல் கூடாது. ஆலையின் சிறப்பையும் ஆலைத் தொழிலாளரின் குறையையும் ஒருங்கே எழுதும் உரிமை அவ்விருக்கைக்கு வேண்டும். மூன்றாவது, அதன் ஆய்வுகள் தமிழிலும் வெளிவருதல் வேண்டும். ஸ்லேட்டரின் நூல் ஆங்கிலத்தில் வந்தது. எந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்த ஊரார் பெரும்பாலோர் அதைப் படிக்க இயலவில்லை. அக்குறை மீண்டும் நேர்தலாகாது.

மூன்றாவது இலக்கணத்தை நிறைவேற்றும் பொறுப்பில் இலக்கிய வட்டங்களுக்கும் பங்குண்டு. ஆய்வாளர் எழுதுவதைத் தமிழாக்கவும், புதிய கருத்துகளுக்குத் தகுந்த சொற்களைக் காணவும், கூடிப் படித்துக் குறை காட்டவும் இத்தகைய வட்டங்களால் இயலும். பத்தாண்டுகள் பாடலைச் சுவைக்கப் பயின்ற அவை, அடுத்த பத்தாண்டுகளில் பொருளையும் ஆராயப் பயிலுமாயின், வள்ளுவர் பொருட்பாலுக்கு எழுபது அதிகாரங்கள் வகுத்ததற்குத் தென்காசி செய்யும் மரியாதையாக அது அமையும்.