சிறுவர் பகுதிக்கு அடுத்த வாயில்



யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தின் பெருங்கட்டடம் 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. அதன் சிறுவர் பகுதியோ 1967ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேதான் திறக்கப்பெற்றது. வீட்டிலே பந்தி வைக்கும்போது பிள்ளைகளுக்கு முதலில் இலை போடுகின்றோம். நூல்நிலையத்தில் மாத்திரம் அவர்களைப் பின்னர் அழைக்கின்றோம். எனினும் அழைத்தார்களே, அது பெரிது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் மூட்டப்பட்ட தீ, ஏறத்தாழ 97,000 நூல்களை விழுங்கியது. அவ்விழப்பை விரிக்கப் புகின் நேரம் போதாது.

நான் பேச எடுத்துக்கொண்டது, திறந்திருக்கும் சிறுவர் பகுதிகளை விட்டுப் பிள்ளைகள் வெளியேறும் வயதைப் பற்றியாகும். பதின்மூன்று வயதில் மாணவன் ஒருவன் அங்குள்ள கதைகளையெல்லாம் வாசித்து முடித்துவிடுகிறான். தாழ்ந்த நாற்காலியில் அமர அவனுக்கு நாணம். அடுத்த மண்டபத்திலோ பத்திரிகை வாசிக்கும் பெரியோர், தடித்த நூல்கள், எதிலிருந்து தொடங்குவது என்று சொல்ல ஆளில்லை. இரண்டாண்டு கழித்து அவன் திரும்பி வருகிறான். ஆனால் கையில் பாடப்புத்தகத்தோடு வருகிறான். பரீட்சைக்குப் படிக்க அவனுக்கு வேண்டியது மேசையும் அமைதியுமே. அவன் இருக்கையைத் தேடி வருகிறானேயன்றி நூலைத் தேடி வருகிறானில்லை. மண்டபம் நிறைந்திருப்பதைக் கண்டு நாமும் மகிழ்ந்துவிடுகிறோம்!

இவ்விடைவெளியை நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டுகொண்டவர்கள் நியூயோர்க் பொது நூல்நிலையத்தார். அங்கே 1906ஆம் ஆண்டு சிறுவர் பணியைப் பொறுப்பேற்ற ஆன் கரோல் மூர் அம்மையார், பிள்ளைகள் தம் பெயரைப் பெரியதொரு பதிவேட்டில் தம் கையாலேயே எழுதி, நூல்களைப் பேணுவோம் என்று வாக்களித்து உறுப்பினராகும் முறையைக் கைக்கொண்டார். பிணை கேட்பதற்குப் பதில் வாக்குக் கேட்டமை எத்துணை நயமான செயல்! 1919ஆம் ஆண்டில் மேபல் வில்லியம்ஸ் அம்மையாரைக் கொண்டு, பாடசாலைகளோடு இணைந்து, சிறுவர் பருவங் கடந்தோருக்கான பணியும் தொடங்கிற்று. 1941ஆம் ஆண்டில் சிறுவர்க்கும் இளைஞர்க்குமெனவே ஒரு கிளை திறக்கப்பட்டு, மார்கரெட் ஸ்கொகின் அம்மையாரின் பொறுப்பில் விடப்பட்டது.

தனிக்கிளை அமைக்க நம் உள்ளூராட்சி மன்றங்களிடம் பணமில்லை என்பர். மெய்தான். ஆனால் இதற்குக் கட்டடம் வேண்டியதில்லை. இரண்டு மண்டபங்களுக்கும் இடையே இரண்டு அலுமாரிகள் போதும். அறிஞர் இரங்கநாதன் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதாகும். பதினான்கு வயதினர்க்குரிய நூல் யாது? நீதிக்கதைகளை மீண்டும் அடுக்குதல் தகாது. கடற்பயணங்கள், விண்ணாய்வு, விளையாட்டு வீரரின் வரலாறு, வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பூட்டும் முறை, உடலின் மாற்றங்களை நாணமின்றி விளக்கும் நூல், தமிழில் வந்த நல்ல துப்பறியும் கதைகள் ஆகியவை அங்கே இருத்தல் வேண்டும். துப்பறியும் கதையா என்று சில ஆசிரியர்கள் முகஞ் சுளிப்பர், சுளிக்கட்டும்.

அவ்வலுமாரிகளுக்கு நூல் தெரிவு செய்யும் குழுவில் மாணவர் இருவரையேனும் சேர்த்தல் நன்று. இரவல் அட்டையையும் அவர்கள் பெயரிலேயே வழங்கலாம்.